தலையில் கோடு போட்ட கட்டளைகள்

குழந்தைகள் கள்ளம் கபடம் அறியாதவர்கள் என்று நம் வயதுக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால், நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். பேரன் பேத்தி படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டும்போது எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். உங்கள் சொந்தப் பத்து வயதைக் கொஞ்சம் நேர்மையாக நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், கூடத்தில் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். அவர்கள் கம்பெனிக்கு மெக்சிகோவிலிருந்து வேலை வருகிறதாம். ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தால் நல்லது என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்களாம்.

"லெவன்ததே, லெவன்ததே" என்றாள்.

"வா-வை நீட்டிச் சொல். லெவான்ததே. அந்த எழுத்தின் தலையில் ஒரு கோடு இருக்கும், பார்" என்றேன், சின்ன வெங்காயம் உரித்தபடியே.

காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சின்ன வயசில் யாரோ சொன்னாங்க" என்றேன்.

யாரோ இல்லை. எனக்கு எல்லாம் தெரியும், எந்தத் தாளில் எந்த இடத்தில் அந்தச் சொல் இருந்தது என்பதுகூட. அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து நின்ற அத்தை போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இந்த விஷயத்தில் நான் பொய் சொல்வது இது முதல் தடவையும் இல்லை.

அப்போது நாங்கள் சிங்காநல்லூரில் இருந்தோம். ஒரு பக்கம் மில் சங்கு, இன்னொரு பக்கம் குளத்துக் காற்று. மழைக்காலத்தில் குளத்தின் பாசி வாசனை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா ஒரு பம்பு கம்பெனியில் ஃபோர்மேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அறை முழுக்க இரும்புத்தூள் வாசனை. ஓடுகிற மோட்டாரில் காதை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வேலை வாங்க மட்டும் தெரியாது. புதிதாகச் சேர்ந்த பயலிடம்கூட, "ஏனுங்க தம்பி, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துத் தாரீங்களா?" என்பார்.

வெளியூர்க்காரர்கள் நம் பேச்சில் இருக்கும் மரியாதையைப் புகழும்போது நாமும் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொள்வோமே, அந்த மரியாதை அப்பாவிடம் ஒரு சீக்குப் போல முற்றியிருந்தது. தெரு நாயைக்கூட, "போங்க அந்தப் பக்கம்" என்றுதான் விரட்டுவார்.

அந்த வருடம் தென்னமெரிக்காவில் எங்கோ கரும்புத் தோட்டங்களுக்குக் கம்பெனியின் பம்புகள் போவதாக ஏற்பாடாயிற்று. கூடவே ஒரு ஆளும் போக வேண்டும். இரண்டு வருடம் அங்கேயே இருந்து பம்புகளைப் பூட்டி, உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்பாவும் இன்னொரு ஃபோர்மேனும்தான் கணக்கில் இருந்தார்கள். வேலை தெரிந்தவர் அப்பா. அதட்டத் தெரிந்தவர் அந்த இன்னொருவர். அங்கிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்து நேரில் பார்த்து இருவரில் ஒருவரைப் பொறுக்குவார் என்று சொன்னார்கள்.

மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ஏப்பா, நீ அங்க போயி 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு நின்னா ஒரு பம்பும் ஓடாது. உன்ற மரியாதையெல்லாம் ஊட்டுலயே மடிச்சு வெச்சுப்போட்டுப் போ. அதட்டி வேலை வாங்கப் பழகு. அவிய பாஷைலயே பழகு."

பழக்குவதற்குக் கம்பெனியே ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்தது. சரக்குக் கப்பலில் பல வருடம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கப்பல் வாத்தியார். வேலை முடிந்தபின் கேண்டீனில் வைத்து இரண்டு ஃபோர்மேன்களுக்கும் பாடம் நடத்துவார். "அங்க போயி நீங்க பிரசங்கமா பண்ணப் போறீங்க? எடு, வை, தூக்கு, துடை. இது தெரிஞ்சாப் போதும்" என்று முதல் நாளே ஊதா மையில் உருட்டியெடுத்த ஒரு தாளைக் கொடுத்தார். அந்தத் தாளின் வாசனை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பரீட்சை அறையில் கேள்வித்தாளை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்போமே, அதே வாசனைதான்.

தாள் முழுக்கக் கட்டளைகள். இடது பக்கம் வெறும் கட்டளை, வலது பக்கம் அதே கட்டளை பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு. 'எனக்கு', 'அதை', 'உன்னை' என்கிற குட்டிச் சொற்கள் கட்டளையோடு சேர்ந்து ஒரே சொல்லாகிவிடும். அப்படி நீளும்போது, முதலில் எந்த எழுத்தை அழுத்திச் சொன்னோமோ அந்த அழுத்தம் நகராமல் இருக்க அதன் தலையில் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். த்ராயெ என்றால் கொண்டு வா. 'அதை எனக்குக் கொண்டு வா' என்றால் த்ராயெமெலோ, ரா-வின் தலையில் கோடு. கோடு விழுந்த எழுத்தை நீட்டி அழுத்த வேண்டும். "வால் முளைச்சாத் தலையில கோடு" என்று கப்பல் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை அப்பா வீட்டுக்கு வந்து பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்.

அப்பாவின் தலையில் கோடு ஏறவே இல்லை. எனக்கு ஒரே மாலையில் ஏறிவிட்டது. ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமாக அப்போது ஒரு பென்சில் வருமே, அது அப்பாவிடம் இருந்தது. அதை எடுத்து அவர் நோட்டில் விட்டுப்போன கோடுகளையெல்லாம் சிவப்பில் போட்டேன். பத்துக்கு மூன்று என்று மார்க்கும் போட்டேன். அப்பா என் தலையைத் தடவி, "அம்மணிதா இனி நமக்கு டீச்சருங்க" என்றார். என் வாழ்க்கையில் நான் டீச்சரானது அன்றைக்குத்தான். பின்னால் சம்பளத்துக்கு முப்பது வருடம் செய்ததெல்லாம் அதன் தொடர்ச்சி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாத்தியாரிடம் இரண்டாவது தாள் ஒன்றும் இருந்ததாம். பெரியவர்களுக்கும் மரியாதைக்குரியவர்களுக்கும் சொல்ல வேண்டிய கட்டளைகள் வேறு மாதிரி இருக்குமாம், வேண்டுமா என்று கேட்டாராம். "வேண்டாங்க. மரியாதை எனக்கு ஏற்கெனவே சாஸ்திங்க" என்றாராம் அப்பா. கேண்டீனே சிரித்ததாம். வீட்டில் அவர் அதைச் சொன்னபோது நாங்களும் சிரித்தோம்.

இனி அத்தையைப் பற்றி. அப்பாவின் அக்கா. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. குழந்தை இல்லை என்று மாமா இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்ததும், அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல உயரம். இரண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் கொண்டு வருவார். அடுப்படி அவர் பொறுப்பாகிவிட்டது. அம்மாவுக்கு அது வசதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையாளை 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. அம்மாவும் பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நங்கையா, கொஞ்சம் நகருங்க" என்பாள்.

ஒரு நாள் அம்மா அப்பாவிடம் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. "நீங்க சீமைக்குப் போனீங்கன்னா நங்கையா இங்க இருக்கறதுல ஒரு நாயமிருக்குதுங்க. பெரியவியன்னு ஊட்டுல ஒரு ஆளு வேணும். நீங்க போகலைன்னா, அவிய அவிய ஊட்டுல இருக்கறதுதானுங்க மொறை."

அத்தை அம்மியில் அரைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அன்று மாலை அப்பா தாளை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்லிப் பழகுவது என்று விழித்தபோது, அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நின்றார்.

"எம்மேல சொல்லிப் பழகு தம்பி. நீ சொல்றதை நாஞ் செய்யறேன். நீ எப்படியாச்சும் போயிரோணும்."

எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அத்தைக்கு அதுதான் வாழ்க்கை என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரியும். அம்மா சொன்னதை நானும் கேட்டிருந்தேன்.

முதல் நாள் ஒரே கூத்து. அப்பா தாளைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "லெவான்ததேங்க" என்றார். எழுந்திரு என்பதற்குக்கூட 'ங்க' போட்டுவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் கவிழ்ந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் 'ங்க'. அக்காவை ஏவுகிறோமே என்று முகமெல்லாம் சிவந்துவிட்டது. "கூச்சப்படாத தம்பி. நான் அக்காளில்லைன்னு நெனச்சுக்க. கூலியாளுன்னு நெனச்சுக்க" என்றார் அத்தை.

அப்பா நினைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் 'ங்க' உதிர்ந்துவிட்டது.

அத்தைக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் காது அப்படிப்பட்ட காது. சொல் விழுந்ததும் உடம்பு நகரும். லெவான்ததே என்றால் எழுவார், சியேன்ததே என்றால் உட்காருவார், த்ராயெமெலோ என்று கையைக் காட்டினால் காட்டிய பொருள் வந்துவிடும். தண்ணீருக்கு ஆகுவா, உப்புக்கு சால் என்று பொருள்களின் பெயரும் அவருக்குத் தானாகவே ஒட்டிக்கொண்டது. அப்பா கோட்டை விட்டுவிட்டுச் சொன்னால், "நீட்டோணும் தம்பி" என்று அவர்தான் திருத்துவார்.

"எனக்கு எத்தனை மார்க்குங்க கண்ணு?" என்று என்னிடம் கேட்பார். என்னிடமும் 'ங்க'தான். அவருக்கும் நோட்டில் ஒரு பத்தி போட்டேன். பெரும்பாலும் பத்துக்குப் பத்து. போடும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அம்மா இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு ஒரு காலை, அத்தை பால்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டு நின்றபோது, உள்ளிருந்து "காயதே!" என்று ஒரு சத்தம். வாயை மூடு. அத்தை மூடிக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பல வருடமாக அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்ட மாதிரி ஒரு நிம்மதி. தமிழில் நங்கையாளிடம் அதைச் சொல்லியிருந்தால் சாதிசனமெல்லாம் கூடிப் பஞ்சாயத்துப் பேசியிருக்கும். இதற்கு யார் கேட்பது? அம்மா மொத்தம் நான்கு கட்டளைகள் படித்தாள். அதற்குமேல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம் நான். என் ஆட்சியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சாப்பிடத் தட்டைப் போட்டு அத்தை உட்கார்ந்த நேரமாகப் பார்த்து லெவான்ததே என்பேன். பள்ளித் தோழிகளைக் கூட்டி வந்து, பத்துத் தடவை உட்கார, பத்துத் தடவை எழ வைத்துக் காட்டுவேன். அவருக்கு முழங்கால் வலி. எழும்போது மூட்டு சொடுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். ஒரு தோழி அதையும் எண்ணினாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவர் என் குரலுக்கு எழவில்லை. நோட்டை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"அந்தப் பாஷையில 'எந்திரிங்க'ன்னு மரியாதையாச் சொல்ல ஒண்ணுமே இல்லீங்களா கண்ணு?" என்று அன்று கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றேன். இரண்டாவது தாளை நான் மறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த இன்ஜினியர் வந்தார். தும்பைப் பூப் போல் தலை நரைத்த பெரியவர். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், மேனேஜர் ஒரு யோசனை செய்தார். நம்ம ஃபோர்மேன் வீட்டில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு, அப்படியே ஆளையும் வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும். பாதி முடிவானது போலத்தான் என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாராம்.

கம்பெனி கேண்டீனிலிருந்து மேசையும் நாற்காலிகளும் வந்தன. அத்தை விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிட்டார். ஒரம்பரை என்று விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் வீட்டில் சந்தகைதான். அரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இரும்பு அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். சாதாரணமாக இரண்டு பேர் பிழிவார்கள். அத்தை ஒற்றை ஆளாக முழு எடையையும் போட்டுப் பிழிந்தார். வெந்த மாவின் ஆவியும், ஏலக்காய் தட்டிப்போட்ட தேங்காய்ப்பால் வாசனையும் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

பெரியவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. அப்பாவின் ஏற்பாடு. நோட்டைக் காட்டி, கோடுகளைக் காட்டி, இது என் பெண் போட்டது என்று சொல்வதாகத் திட்டம். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மேனேஜர், கப்பல் வாத்தியார், அப்பா. அம்மா கதவோரம்.

அத்தை சந்தகைப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். தலை நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் நின்று பரிமாற, ஒரு குட்டிப்பெண் தன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டு, சிரித்துக்கொண்டே நகரச் சொன்னார். அத்தையின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். அத்தைக்குத் தெரிந்த சொல் போலவே இருந்தது. கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. அத்தை உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வந்து இலைகளில் சந்தகை வைக்க, பெரியவர் சாப்பிடத் தொடங்கினார். சொன்னது புரிந்து அத்தை உட்கார்ந்ததில் அவருக்கு ஒரே ஆச்சரியம். தம்ளரைத் தொட்டுக் காட்டினார். "ஆகுவா" என்றார் அத்தை. உப்பைக் காட்டினார். "சால்." பெரியவர் கைதட்டினார். கப்பல் வாத்தியார், "ஃபோர்மேன், பேசாம உங்கக்காளையே அனுப்பிச்சரலாமாட்ட இருக்குதே!" என்றார். மேனேஜர் சிரித்தார். அப்பா சிரித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில், இனி நான் இந்த வீட்டில்தான் என்று எழுதியிருந்தது.

நான் சுவரோரம் நின்றேன். என் நாற்காலி. என் கோடுகள். நோட்டை யாரும் கேட்கவே இல்லை.

"லெவான்ததே" என்றேன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தை யோசிக்கவும் இல்லை. மூன்று மாதம் பழகிய உடம்பு தானாக எழுந்து நின்றது. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "த்ராயெமெலோ" என்று தண்ணீர்ச் செம்பைக் காட்டினேன். கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். சிரிப்பு அப்போது போயிருந்தது. தாளின் கடைசிக் கட்டளை ஒன்று உண்டு. வேலை செய்யாமல் நிற்கிறவர்களை விரட்டுவதற்கு. "லார்கதே" என்றேன். ஒழிந்து போ. அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்று கோடும் சரியாக விழுந்தன. கப்பல் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா, "புள்ளை நல்லாப் படிக்குதுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பெரியவர் வாத்தியாரிடம் ஏதோ கேட்க, வாத்தியார் அப்பாவைப் பார்த்து, "அந்தம்மா யாருன்னு கேக்கறாரு" என்றார். "என்ற அக்காளுங்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு பெரியவர் சாப்பிடவில்லை. இலையில் சந்தகை பாதிக்குமேல் அப்படியே கிடந்து, தேங்காய்ப்பாலில் ஊறிப் பருத்தது.

கை கழுவியவர் நேராக அடுப்படி வாசலுக்குப் போனார். ஈரக் கையை நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து, அத்தையிடம், "பெர்தோனெமே, சென்யோரா" என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அத்தை அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தப் பெரியவரு என்னுங்க கண்ணு சொன்னாரு?"

அந்தச் சொல் எங்கள் தாளில் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மார்க் போடுகிறவள் நான். கோபமும் தீர்ந்திருக்கவில்லை.

"சந்தகை வாயில வெக்க முடியலைன்னு சொன்னாரு."

அத்தை திரும்பி, மேசைமேல் கிடந்த இலையைப் பார்த்தார். பாதிக்குமேல் மிச்சம் இருந்த இலை. நான் சொன்னதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அச்சைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நேரம் கையைக் கழுவினார்.

பத்து நாள் கழித்து அந்த இன்னொரு ஃபோர்மேனைத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி வந்தது. அப்பா சட்டையைக் கழற்றி மாட்டக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை தானாக வந்து அவர் முன்னால் நின்றார். இந்த முறை யாரும் கட்டளை சொல்லவில்லை. "என்னாலதா தம்பி. என்ற சந்தகையை அவரு வாயில வெக்க முடியலையாமா. நானே உன்ற பொழப்பைக் கெடுத்துப்போட்டேன்."

"ஒரு சந்தகை ஒழுங்காப் பிழியறதுக்குக்கூட ஆகலைன்னா எப்படிங்க நங்கையா?" என்றாள் அம்மா. 'ங்க' திரும்பி வந்திருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் இந்த வயதில்தான் யோசிக்கிறேன். அந்த மேசையில் அப்பாவும் இருந்தார். நான் சொன்ன மூன்று சொல்லும் அவர் பழகிய சொற்கள்தான். பெரியவர் எப்போது கையை எடுத்தார் என்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அவர். மோட்டாரில் காதை வைத்தே பழுதைச் சொல்கிறவருக்கு இது தெரியாமலா போயிருக்கும்? அத்தை தலைமேல் போட்டுக்கொண்டது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். அப்பா நல்லவர் என்று ஊரே சொல்லும். நானும் பல வருடம் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தையைத் தாராபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். தகரப் பெட்டியை அப்பா தூக்கி மேலே வைத்தார். சன்னலோரம் உட்கார்ந்து, "நல்லாப் படிங்க கண்ணு" என்றார். நோட்டை நான் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பிறகு பழைய பேப்பரோடு போய்விட்டது. பென்சிலில் சிவப்பு முனை தீர்ந்து நீலம் மட்டும் வெகுநாள் மிச்சம் இருந்தது.

டீச்சர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, பீளமேடு பஸ்ஸில் கப்பல் வாத்தியாரைப் பார்த்தேன். தளர்ந்திருந்தார். வெள்ளை ஷூ மட்டும் அப்படியே இருந்தது. "நீ அந்தக் கோடு போடற புள்ளையல்ல?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். பேச்சோடு பேச்சாக, அடுப்படி வாசலில் பெரியவர் சொன்ன அந்தச் சொல்லைச் சொல்லி என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"என்னைய மன்னிச்சுருங்க தாயேன்னு அர்த்தம். அது ரெண்டாவது தாள்ல இருந்துது. உங்கப்பா வேண்டாம்னாரல்ல, அந்தத் தாளு" என்றார். பிறகு சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "தான் நாற்காலில உக்கார வெச்சதாலதா அந்தம்மாவுக்கு அந்த அவமானம்னு அவருக்கு வருத்தம். கார்ல போகறப்ப ஒரே வார்த்தைதா சொன்னாரு. சொந்த அக்காளை இப்படி ஏவற ஊட்டுல இருந்து என்ற ஆளுகளுக்கு மேஸ்திரி வேண்டாம்னாரு. நாந்தா மேனேஜர்கிட்ட வேற என்னமோ மாத்திச் சொல்லிப்போட்டேன். தாளு என்ற தாளல்ல?"

நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கத் தாராபுரம் போனோம். அப்பாவும் அம்மாவும் முன்கூடத்தில் மாமாவோடும் அவருடைய இரண்டாவது மனைவியோடும் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை பின்கட்டில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒரு அறையில் இருந்தார். தகரப் பெட்டி சுவரோரம் இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கன்னத்தை வழித்தார். கை முழுக்கச் சாணி வாசனை.

தரையில் உட்கார வைத்து அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, நெய்யை ஊற்றினார்.

"கல்யாணப் புள்ளைக்கு சந்தகை பண்ணிப் போடுன்னு உங்க மாமன் சொன்னாருங்க. நாந்தா வேண்டான்னுட்டேன். அதை நான் தொடறதே இல்லீங்க கண்ணு. என்ற கைக்கு அது ஆகாது. ஒருக்கா பண்ணி உங்கப்பன் பொழப்பே போயிருச்சு."

நான் சாதத்தைப் பிசைந்தேன்.

"அந்தப் பெரியவரு சொன்னது இன்னும் காதுலயே இருக்குதுங்க. பெர்தோனெமே, சென்யோரா." ஒரு எழுத்துப் பிசகவில்லை. தோ எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவு நீண்டது. "எப்பவாச்சும் சோறு அடிப்பிடிச்சாலோ, கொழம்பு தீஞ்சாலோ, எனக்கு நானே அதைச் சொல்லித் திட்டிக்குவேன். பெர்தோனெமே, பெர்தோனெமேன்னு. நம்ம சமையல் லட்சணத்துக்கு அது வேணும்னு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்கப்பன் என்னைய மன்னிச்சுட்டானாங்க கண்ணு? எப்பவாச்சும் ஏதாச்சும் சொல்றானா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அர்த்தம் எனக்குத் தெரிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அதற்குப் பின்னால் நானும் வெளியே வர வேண்டும். அடுத்த மாதம் கல்யாணம். முன்கூடத்தில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் பழைய கதைங்க அத்தை" என்றேன். நம் ஊர் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "விடுங்க."

"சரிங்க கண்ணு" என்று அத்தை உடனே விட்டுவிட்டு, இன்னொரு கரண்டி சாதம் வைத்தார். நான் என்ன சொன்னாலும் அவர் உடனே செய்துவிடுவார்.